புவா சூ காங்கும் என் அப்பாவும்

மஞ்சள் நிற ரப்பர் பூட்ஸ். சுருட்டை முடி. கன்னத்தில் பெரிய மச்சம். சுண்டுவிரலில் மட்டும் நீண்ட நகம். இவ்வளவு சொன்னாலே போதும், சிங்கப்பூரில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். என் வயதுக்காரர்களுக்கு அவர் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர்தான். 'டோன்ட் ப்ளே ப்ளே' என்று மிரட்டும் அந்த ஸ்டிக்கரை வாரத்துக்கு நான்கு முறை அனுப்பும் என் தோழி ஒருத்தி, அது ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது என்பதையே அண்மையில்தான் தெரிந்துகொண்டாள்.

'புவா சூ காங் பிரைவேட் லிமிடெட்' 1997ஆம் ஆண்டு ஒளிவழி 5ல் தொடங்கி 2007ல் முடிந்தது. தொடர் முடிந்தபோது எனக்கு இரண்டு வயது. ஆகவே நான் பார்த்ததெல்லாம் மறுஒளிபரப்புதான். தொடக்கநிலைப் பள்ளியில் படித்த காலத்தில், வேலை முடிந்து வந்த அப்பா குளித்துவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து இதைப் பார்ப்பார். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்திருப்பேன். பாதி நகைச்சுவை எனக்குப் புரியாது. அப்பா சிரிக்கும்போது நானும் சிரிப்பேன்.

இந்தப் பருவத்தில் நான் எடுத்திருக்கும் ஒரு பாடத்தில், சிங்கப்பூரின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் மொழி எப்படிப் புழங்குகிறது என்று ஆராயச் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியை அது வெளிவந்த காலத்திலேயே பார்த்த ஒருவரைப் பேட்டி காண வேண்டும் என்பதும் பணியில் ஒரு பகுதி. எளிதாக முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் புவா சூ காங்கைத் தேர்ந்தெடுத்தேன். பேட்டிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, சோபாவிலேயே ஒருவர் இருக்கிறார் என்பது இன்னொரு காரணம்.

சிரிப்பதற்கு ஒரு குடும்பம்

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புவா சூ காங் ஒரு வீட்டுப் புதுப்பிப்புக் குத்தகையாளர். சிங்கப்பூரிலும் ஜோகூர் பாருவிலும் தானே சிறந்தவர், சிலர் பாத்தாமிலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அவர் மனைவி ரோசி, கண்ணைப் பறிக்கும் உடைகளில் வலம் வருபவர். தம்பி சூ பெங் படித்துக் கட்டடக் கலைஞரானவர். அவருடைய மனைவி மார்கரெட் நாகரிகமான ஆங்கிலம் பேசுபவர். அவர்களின் மகன் அலோய்ஷியஸ். எல்லாருக்கும் மேலே, தன் உலகத்தில் தான் வாழும் பாட்டி. இத்தனை பேரும் ஒரே வீட்டில். அண்ணன் பேசும் சிங்கிலிஷும் தம்பி மனைவி பேசும் ஆங்கிலமும் ஒரே சாப்பாட்டு மேசையில் மோதிக்கொள்வதுதான் முக்கால்வாசி நகைச்சுவை.

இப்போது மீண்டும் பார்க்கும்போது நடிகர்களைப் பார்த்தே ஆச்சரியப்பட்டேன். சூ காங்காக நடித்த குர்மிட் சிங்கின் தந்தை சீக்கியர். தாய்வழியில் சீன, ஜப்பானியப் பின்னணி. ஹொக்கியன் வாடை வீசும் சிங்கிலிஷைப் பேசி, சிங்கப்பூரின் மிகப் பிரபலமான 'ஆ பெங்' குத்தகையாளராக நாட்டையே நம்ப வைத்தவரின் பெயரில் 'சிங்' இருக்கிறது. மார்கரெட்டாக வந்த டான் கெங் ஹுவாவும் சூ பெங்காக வந்த பியர் பிங்கும் 2018ல் வெளிவந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' ஹாலிவுட் படத்தில் நடித்தவர்கள். அதில் கதாநாயகியின் அம்மாவைப் பார்த்து "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்று திரையரங்கில் மண்டையைக் குடைந்துகொண்டது நினைவிருக்கிறது. பாட்டியாக நடித்த நியோ சுவீ லின் அப்போது உண்மையில் பாட்டி வயதில் இல்லை. சூ காங்கின் தொழில் எதிரி ஃபிராங்கி ஃபூவாக வரும் லிம் கே சியூ, நிஜ வாழ்க்கையில் அந்தப் 'பாட்டி'யின் கணவர்! இதை நான் சொன்னபோது அப்பா இரண்டு நிமிடம் நம்பவில்லை.

எல்லா நகைச்சுவையும் இன்றும் செல்லுபடியாகும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில், குறிப்பாக ரோசியைப் பற்றிய கிண்டல்களில், நான் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில காட்சிகள் இழுவை. முகத்தை அளவுக்கு மீறிக் கோணி நடிப்பதைப் பார்த்து என் தம்பி பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். ஆனால் என்னை உண்மையிலேயே சங்கடப்படுத்தியது வேறொன்று. சிறுவயதில் எனக்கு மார்கரெட்டைப் பிடிக்காது. சூ காங் ஏதாவது சொன்னால் அவர் முகத்தைச் சுளிப்பதும், உச்சரிப்பைத் திருத்துவதும் எரிச்சலாக இருக்கும். இப்போது பார்க்கும்போது, சூ காங் வாயைத் திறப்பதற்கு முன்பே என் முகமும் சுளிக்கத் தயாராவதைக் கவனித்தேன்.

பிரதமர் உரையில் ஒரு குத்தகையாளர்

ஆய்வுக்காகப் படித்தபோது எனக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி 1999ல் நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் திரு கோ சோக் தோங், புவா சூ காங்கைப் பற்றிப் பேசினார். மாணவர்கள் அவரைப் போலப் பேசுவது பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பதைக் கடினமாக்குகிறது என்பது அவருடைய கவலை. சிங்கிலிஷ் மட்டுமே பேசத் தெரிந்தால் நம்மை உலகத்தில் யாருக்கும் புரியாது என்றார். அதோடு நிற்கவில்லை. பெரியவர்களுக்கான அடிப்படைக் கல்வி வகுப்பில் சூ காங்கைச் சேர்த்துவிடும்படி தொலைக்காட்சிக் கழகத்தைக் கேட்டுக்கொண்டதாகவும், அவர் சேர ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பதில் வந்ததாகவும் சொன்னார். அந்த வகுப்பின் பெயர் 'பெஸ்ட்'. தன்னை 'பெஸ்ட்' என்று சொல்லித் திரிந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

தொடரிலும் சூ காங் ஆங்கில வகுப்புக்குப் போனார். அடுத்த ஆண்டு, 2000ல், 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் தொடங்கியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2003ல் சார்ஸ் நோய் பரவி, சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி, 33 பேரின் உயிரைப் பறித்தபோது, கை கழுவுங்கள், எச்சில் துப்பாதீர்கள் என்று மக்களிடம் எடுத்துச் சொல்ல அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே சூ காங். 'சார்-வைவர் ராப்' என்று பாட்டே வந்தது. 2020ல் கொவிட்-19 வந்தபோது மீண்டும் அவர்தான். 2021ல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி மக்களை ஆடிப்பாடி அழைத்ததும் அவர்தான். அந்தப் பாடலின் பெயரிலேயே 'ஸ்டெடி பொம் பி பி' என்று சிங்கிலிஷ் கொஞ்சியது. யாருக்கும் புரியாது என்று வகுப்புக்கு அனுப்பப்பட்ட பேச்சு, எல்லாருக்கும் புரிய வேண்டிய நேரம் வந்ததும் திரும்பக் கூப்பிடப்பட்டது. இதில் யார் மீதும் எனக்குக் குறை இல்லை. இரண்டுமே அந்தந்த நேரத்துக்கு நியாயமான முடிவுகளாகவே எனக்குப் படுகின்றன. என் கட்டுரையில் இதை ஒரு முரண்பாடு என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

இதைப் படித்தபோது தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. 2005ல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் யாரும் பேசாத எழுத்துத்தமிழை மட்டுமே கற்றால் பிள்ளைகள் தமிழைப் பேசுவதையே விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. அதனால்தான் நானும் என் தலைமுறையும் வாய்மொழித் தேர்வில் 'செல்கின்றனர்' என்று திணறாமல் 'போறாங்க' என்று சொல்ல முடிந்தது. ஒரே ஊரில், சில ஆண்டுகள் இடைவெளியில், ஒரு பேச்சுவழக்கை வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பினோம். இன்னொரு பேச்சுவழக்கை உள்ளே அழைத்து வந்தோம். காரணங்கள் வேறு வேறு என்பது தெரியும். ஆங்கிலம் போய்விடும் என்று இங்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை, தமிழுக்கு அந்த வசதி இல்லை. இருந்தாலும் 'போறாங்க' என்று சொல்லி மதிப்பெண் வாங்கிய அதே நான், அப்பாவின் 'கேன் லா, நோ ப்ராப்ளம்' என்பதற்குக் கூனிக் குறுகியிருக்கிறேன்.

ஒரு சின்ன இடைச்செருகல்: சிங்கிலிஷில் நம் பங்கும் இருக்கிறது. முட்டாளை 'குண்டு' என்று திட்டுவதும், புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்னக் கடையை 'மாமா ஷாப்' என்று சொல்வதும் நம்மிடமிருந்து போனவைதான். அப்பாவுக்கு இது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. "பின்ன, மாமா கடைய வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றார்.

உயர்நிலை இரண்டு

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவும் குத்தகையாளர்தான். பெரிய நிறுவனம் எல்லாம் இல்லை. ஒரு லாரி, நான்கு ஆட்கள். குளியலறை, சமையலறைத் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிப்பது முக்கிய வேலை. பதினேழு வயதில் படிப்பை விட்டுவிட்டு, ஒரு சீனத் தவுக்கேயிடம் சிமெண்டு கலக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். தொழிலையும் ஹொக்கியனையும் அவரிடமே கற்றார். மலாய் அக்கம்பக்கத்தில் வந்தது. தமிழ் வீட்டில். ஆங்கிலம், அவரே சொல்வதுபோல, 'சைட்டுல'.

நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது, பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கு வழக்கமாக வரும் அம்மாவுக்கு அன்று வேலை மாற்ற முடியவில்லை. அப்பா வந்தார். சைட்டிலிருந்து நேராக. சட்டையை மாற்றியிருந்தார், பூட்ஸை மாற்றவில்லை. பள்ளி மண்டபத்தின் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தூள் படிந்தது.

ஆசிரியர் என் மதிப்பெண்களைப் பற்றிச் சொன்னார். அப்பா உடனே, "யா லா டீச்சர், எவ்ரிடே ஹேண்ட்போன் ஒன்லி, லைக் தட் ஹவ் டு ஸ்டடி?" என்றார். ஆசிரியர் சிரித்தார். நான் குறுக்கே புகுந்து, "அப்பா என்ன சொல்ல வருகிறார் என்றால்..." என்று தொடங்கி, அதையே முழு ஆங்கில வாக்கியமாக மாற்றிச் சொன்னேன். அப்பா தொடர்ந்து பேசினார். நான் தொடர்ந்து மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. மூன்றாவது முறை நான் வாயைத் திறந்ததும் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்.

எழுந்து கிளம்பும்போது மட்டும் சட்டைப் பையிலிருந்து பெயரட்டையை எடுத்து ஆசிரியரிடம் நீட்டி, "எனி ரெனவேஷன், கால் மீ ஆ" என்றார். எனக்கு மண்டபத்தின் தரை பிளந்து உள்ளே விழுந்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் லாரியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அப்பா என் பள்ளிச் சந்திப்பு எதற்கும் வரவில்லை. "அம்மாவ கூட்டிட்டுப் போம்மா, எனக்கு சைட் இருக்கு" என்பார். உண்மையிலேயே சைட் இருந்திருக்கலாம். நான் எப்போதும் கேட்டதில்லை. நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பேட்டி

பேட்டிக்கு முன் இருவரும் சேர்ந்து மூன்று இரவுகள் பழைய பகுதிகளை மீவாட்ச்சில் பார்த்தோம். எதிர்பார்த்ததைவிட அப்பா கறாரான விமர்சகர்.

"அவன் பூட்ஸ பாரு. ஒரு சொட்டு சிமெண்டு இருக்கா?"

"இவன் எப்பப்பா வேலை செய்யிறான்? எப்பப் பாத்தாலும் வீட்டுலயே இருக்கான்."

"எல்லா வீட்டுலயும் நினைச்ச நேரம் ஹேக்கிங் பண்ணிட முடியுமா? வீவக வீடுன்னா சனிக்கிழமை கூடாது, ஞாயித்துக்கிழமை கூடாது, அஞ்சு மணிக்கு மேல கூடாது. புது வீடுன்னா பாத்ரூம் டைல்ஸ மூணு வருஷத்துக்குத் தொடவே கூடாது. இதெல்லாம் இவனுக்குத் தெரியுமா தெரியாதா?"

இரண்டாம் இரவில், சூ காங் தன் வேலையாட்களான கிங் காங்கையும் ஆ கூனையும் விரட்டும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இவ்வளவு நேரம் பாக்குறோம், ஊர்ப் பையன் ஒருத்தனக்கூடக் காணோமே" என்றார். அப்பாவின் நான்கு ஆட்களில் இருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள், ஒருவர் பங்ளாதேஷ், ஒருவர் மியன்மார். நாங்கள் பார்த்த பகுதிகளில் அப்படி யாரும் வரவில்லைதான். கட்டுமானத் தொழிலைப் பற்றிய தொடரைப் பல ஆண்டுகள் பார்த்தும் எனக்கு அது உறைத்ததே இல்லை. என் ஆய்வுக் கட்டுரையின் மிக நல்ல பத்தி இதைப் பற்றியதுதான். அது அப்பாவுக்குச் சேர வேண்டியது.

வெள்ளிக்கிழமை இரவு பேட்டி. ஒலிப்பதிவு மட்டும்தான் என்று பலமுறை சொல்லியும், அப்பா தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். கைப்பேசியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். தொடரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

அப்பா தொண்டையைச் செருமினார். பிறகு, என் கருத்துப்படி இது மிகவும் நகைச்சுவையான, மக்களுக்குப் பயனுள்ள நிகழ்ச்சி என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு 'லா' இல்லை. ஒரு 'ஆ' இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பதுபோல் பேசினார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மேசைக்கு அடியில் மடியில் ஒரு தாள் வைத்திருந்தார். எழுதி வைத்திருக்கிறார்.

ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

"ஏம்பா இப்படிப் பேசுறீங்க?"

"யுனிவர்சிட்டி டீச்சர் கேப்பாங்கல்ல? உனக்கு மார்க் குறைஞ்சிடக் கூடாது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உயர்நிலை இரண்டில் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் திட்டமிட்டிருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேறெதையும் பேச முடியாது போலிருந்தது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் செய்தது தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கிவிட்டது.

அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அட, அத விடும்மா" என்றார். பிறகு, "அந்த டீச்சர் வீட்டு பாத்ரூம் நான்தானே செஞ்சேன்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

"கார்டு குடுத்தேன்ல? நீ உயர்நிலை நாலுல இருந்தப்ப போன் பண்ணாங்க. ரெண்டு பாத்ரூம், ஒரு கிச்சன். வாட்டர்புரூஃபிங் பண்ணி, இருபத்துநாலு மணி நேரம் தண்ணி கட்டி வச்சு டெஸ்ட் பண்ணிக் காட்டினேன். அவங்க அம்மாகூட ஹொக்கியன்ல பேசுனேன், கெழவிக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனுஷங்க. கணக்க அன்னைக்கே முடிச்சிட்டாங்க."

"எங்கிட்ட ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ வெக்கப்படுவ."

குற்றம் சாட்டுவதுபோல் அவர் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

மறுபடியும் ஒலிப்பதிவைத் தொடங்கினேன். இந்த முறை கேள்விகளைத் தமிழில் கேட்டேன். அவருக்கு வந்தபடி பதில் சொன்னார்: தமிழில் தொடங்கி, சிங்கிலிஷுக்குள் புகுந்து, தவுக்கேயைப் பற்றிப் பேசும்போது ஹொக்கியனில் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, "அத கட் பண்ணிடு" என்று திரும்பி வந்தார். நாற்பது நிமிடம் பேசினார். தொடர் வந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் கதவைத் திறந்ததும், "ஆ, இந்தியன் புவா சூ காங் வந்துட்டார்" என்பார்களாம். கோபம் வராதா என்று கேட்டேன். "மொதல்ல வந்துச்சு. அப்புறம் நானே 'பெஸ்ட் இன் சிங்கப்பூர்'னு சொல்லிக்கிட்டே உள்ள போக ஆரம்பிச்சேன். சிரிச்சா டெபாசிட் சீக்கிரம் வரும்" என்றார். அதன் பிறகு சற்று யோசித்து, "நம்ம தொழில்ல இருக்கிறவன ஹீரோவா டிவில காட்டினது அவங்கதான். டாக்டர், போலிஸ், லாயர் எல்லாத்தையும் காட்டுவாங்க. டைல்ஸ் போடுறவன யாரு காட்டுவா?" என்றார்.

திரு கோ தம் உரையில், குர்மிட் சிங்குக்குப் பல மொழிகள் தெரியும், ஆனால் சூ காங்குக்குச் சிங்கிலிஷ் மட்டும்தான் என்ற பொருளில் பேசியிருந்தார். பேட்டியை எழுத்தாக்கும்போது நான் எண்ணிப் பார்த்தேன். அப்பா ஒரு நாளில் நான்கு மொழிகளில் பேரம் பேசுகிறார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. அவற்றில் ஒன்றை, தேர்வு முடிந்த பிறகு, அப்பாவிடமும் பாட்டியிடமும் தவிர வேறு எங்கும் பேசியதில்லை.

எழுத்தாக்கும் வேலை நினைத்ததைவிடக் கடினம். கை தானாகத் திருத்துகிறது. அப்பா சொன்ன ஒரு வாக்கியத்தில் வினைச்சொல்லைச் சேர்த்துவிட்டு, பிறகு நீக்கினேன். மறுபடி சேர்த்தேன். கடைசியில் அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆங்கில விளக்கத்தைத் தனியாக அடுத்த பத்தியில் கொடுத்தேன். பக்க அளவு கூடிவிட்டது என்று அதற்காக மதிப்பெண் குறைந்தது வேறு கதை.

சென்ற வாரம் வகுப்பில் படைப்பு. இரண்டு நிமிட ஒலிப்பதிவை ஒலிக்கவிட அனுமதி இருந்தது. எந்த இரண்டு நிமிடம் என்று முடிவெடுக்க எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டது அதைத்தான்.

"போட்டுக் காட்டினியா?"

"காட்டினேன்பா."

"சிரிச்சாங்களா?"

கொஞ்சம் தயங்கி, "சிரிச்சாங்க" என்றேன்.

"எந்த இடத்துல?"

"பூட்ஸ்ல ஒரு சொட்டு சிமெண்டு இல்லன்னு சொன்னீங்கல்ல, அங்க."

"அது சிரிக்கிறதுக்குத்தானே சொன்னேன்" என்றார் அப்பா. ரிமோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "அடுத்தத போடு."